ஏழாவது ஓட்டு

சலூன்காரர் வீட்டு அடுப்படி ஜன்னல் எங்கள் மாடிப்படிக்கு நேர் எதிரே இருப்பது என் குற்றமில்லை. இரண்டு வீட்டையும் கட்டிய மேஸ்திரியைத்தான் கேட்க வேண்டும். படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தால் அங்கே பேசுவது காதில் விழத்தான் செய்யும். சரியாக விழாத நாட்களில் இரண்டு படி கீழே இறங்கி உட்கார்வேன், அவ்வளவுதான். ஆகவே ஒரு ஹாக்கி விதி அந்தக் குடும்பத்தைப் பன்னிரண்டு நாள் படுத்திய பாட்டை என்னைவிட ஒழுங்காகச் சொல்ல இந்தத் தெருவில் ஆள் கிடையாது.

முன்பக்கம் சலூன், பின்பக்கம் வீடு, நடுவில் ஒரு திரை. திரைக்கு இந்தப் பக்கம் கத்தரிக்கோல் பேசும், அந்தப் பக்கம் தையல் மிஷின் பேசும். சலூன்காரரின் மனைவி கல்லூரி அணிகளுக்கு விளையாட்டுச் சட்டை தைப்பவர். முதுகில் எண் வைத்துத் தைப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. எட்டை எவ்வளவு துவைத்தாலும் மூன்றாகாது. தெருவே அவரை மிஷினம்மா என்றுதான் கூப்பிடும்.

சலூன்காரர் நல்ல மனிதர். ஒரே ஒரு கோளாறு, எதையும் சமமாக்காமல் விடமாட்டார். இடது கிருதாவை ஒரு நூல் குறைப்பார். கண்ணாடியில் பார்த்தால் வலது கொஞ்சம் நீளமாகத் தெரியும். அதைக் குறைப்பார். இப்போது இடது நீளம். நாற்காலியில் கண்ணசந்தவர் விழித்துப் பார்க்கும்போது இரண்டு கிருதாவும் காதுக்கு மேலே போய்ச் சேர்ந்திருக்கும். ரெண்டும் சமமா இருக்கு பாருங்க என்பார். சமமாகத்தான் இருக்கும். இல்லாத இரண்டு எப்போதும் சமம்தானே.

அவர் பத்தொன்பது வருடம் பெண்கள் கல்லூரி ஹாக்கி லீக்கில் நடுவராக இருந்தவர். முட்டி தேய்ந்து ஓட முடியாமல் போனபிறகு லீக் கமிட்டிக்குச் செயலாளர் ஆனார். கமிட்டிக்கென்று அறை கிடையாது. சலூனில் நாலு சுழல் நாற்காலியும் ஒரு பெஞ்சும் நன்றாக ஓடுகிற மின்விசிறியும் இருந்ததால் கூட்டமெல்லாம் அங்கேதான். உறுப்பினர்கள் ஆறு பேர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசமாட்டார்கள், எல்லாரும் கண்ணாடியைப் பார்த்துத்தான் பேசுவார்கள். கோபம் வந்தால் நாற்காலியைச் சுழற்றிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார்கள். சில சமயம் நாலு நாற்காலியும் நாலு திசையில் இருக்கும்.

இனி மகள். கல்லூரியில் மூன்றாம் வருடம், கடைசி வருடம். ஹாக்கி அணியில் இரண்டாவது கோல்கீப்பர். முதல் கீப்பராக இருந்தவளுக்குச் சுவர் என்று பேர். அந்தச் சுவருக்கு உடம்புக்கு ஒன்றும் வருவதில்லை. காய்ச்சல் கிடையாது, சுளுக்கு கிடையாது, ஆட்டத்தன்று சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம்கூடக் கிடையாது. மூன்று வருடத்தில் முப்பத்தோரு ஆட்டம். முப்பத்தொன்றிலும் சலூன்காரர் மகள் காலில் தலையணை மாதிரி இரண்டு பேடும் நெஞ்சில் கவசமும் கட்டி, ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு, வெயிலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஆடாமலே அவ்வளவு வியர்த்த பெண்ணை நான் பார்த்ததில்லை. தெருவில் அவளுக்கு ரிசர்வு என்று பேர். அதை நான் வைக்கவில்லை. பரப்பியது வேண்டுமானால் நானாக இருக்கலாம்.

ஆனால் ரிசர்வுக்கு ஒரு வித்தை தெரியும். சுவர் என்பவள் கோலுக்குள் நின்று வருகிற பந்தைத் தடுக்கிறவள். ரிசர்வு வெளியே பாய்ந்து பந்தைப் பிடுங்குகிறவள். எதிரில் ஒரே ஒருத்தி பந்தோடு தனியாக ஓடிவந்தால், பயிற்சியில் பத்துக்கு ஏழு முறை வந்தவள் வெறுங்கையோடுதான் திரும்புவாள். அப்படி ஒருத்திக்கு ஒருத்தி என்று நிற்பது ஆட்டத்தில் எப்போது வரும்? ஆட்டம் டிராவில் முடிந்து டைபிரேக்கர் வைத்தால்தான் வரும். எங்கள் லீக்கில்தான் டைபிரேக்கரே கிடையாது. டிரா என்றால் டிராதான். இறுதி ஆட்டம் டிரா ஆனால் கோப்பை ஆறு மாதம் இந்தக் கல்லூரியில், ஆறு மாதம் அந்தக் கல்லூரியில். போன இரண்டு வருடமும் அப்படியே ஆகி, வேனில் போய்வந்து போய்வந்து கோப்பையின் ஒரு கைப்பிடி கழன்றுவிட்டது. அது எந்தக் கல்லூரியில் இருக்கிறது என்று இன்றுவரை இரண்டு பக்கமும் சண்டை.

இந்த வருடம் ரிசர்வின் கல்லூரி விளையாட்டு ஆசிரியை, விசில் டீச்சர் என்பார்கள், ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். இறுதி ஆட்டம் டிரா ஆனால் டைபிரேக்கர் வைத்து முடிவு காண வேண்டும். அதோடு விடாமல் ரிசர்வைக் கூப்பிட்டு, விதி வந்துட்டா டைபிரேக்கருக்கு உன்னைத்தான் இறக்குவேன் என்றும் சொல்லிவிட்டார். இறுதி ஆட்டத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அதுவே ரிசர்வின் கடைசி ஆட்டம். அன்றைக்கும் இறங்காவிட்டால், ஒரு நிமிடம்கூட ஆடாமல் ஹாக்கி வீராங்கனை என்று சொல்லிக்கொண்டு வெளியே வர வேண்டியதுதான்.

தீர்மானம் சலூனுக்கு வந்தது. தலைவர் ஒரு ஓய்வு பெற்ற கல்லூரி முதல்வர். மீசையைப் பிள்ளை மாதிரி வளர்க்கிறவர், தெருவில் மீசை முதல்வர். டிராவை உடைக்கக் கூடாது என்பது அவர் கட்சி. முதல் தடவை கைகளை எண்ணும்போது கண்ணாடியில் தெரிந்த கைகளையும் சேர்த்து எண்ணி, ஆறுக்கு ஆறு என்று அறிவித்தார். விசில் டீச்சர் திருத்திய பிறகு மூன்றுக்கு மூன்று ஆனது. டிராவை உடைக்கலாமா என்ற கேள்வியே டிரா. டீ குடித்துவிட்டுக் கலைந்தார்கள்.

செயலாளருக்கும் ஒரு ஓட்டு உண்டு, ஏழாவது ஓட்டு. சலூன்காரர் ஒன்பது வருடமாக அதைத் தொட்டதில்லை. செயலாளர் ஓட்டளிக்கவில்லை என்று தன் கையாலேயே நோட்டில் எழுதிவிடுவார். அன்றைக்கும் அப்படியே எழுதினார்.

மறுநாள் மாலை நான் படியில் இருந்தேன். ஜன்னலுக்குள் மகள் அப்பாவுக்குத் தட்டு வைத்தாள்.

"உங்களுக்கும் ஓட்டு இருக்கு இல்லப்பா?"

"இருக்கும்மா."

"அப்ப போடுங்க."

"ஒரு பக்கம் போட்டா இன்னொரு பக்கம் வருத்தப்படும்மா."

"அதுக்குப் பேர்தான்ப்பா ஓட்டு."

சலூன்காரர் சாப்பிட்டுக்கொண்டே ஒரு பழைய கதை சொன்னார். எனக்கே புதுசு. வெளியூரில் ஒரு போட்டிக்கு நடுவராகப் போயிருந்தாராம். டைபிரேக்கர். கடைசிப் பந்தை ஒரு கீப்பர் பெண் விட்டுவிட்டாள்.

"பதினோரு பேர் ஒரு மணி நேரம் ஆடினது. பழி ஒருத்தி தலையில. எல்லாரும் பஸ் ஏறிட்டாங்க. அவ மட்டும் கோல் கம்பத்தைப் புடிச்சுட்டு உக்காந்திருந்தா. கூப்பிட ஒரு ஆள் இல்ல. நான்தான் போய் அவ பேடைக் கழட்டி விட்டேன். ஒரு வார்த்தை பேசல அந்தப் பொண்ணு." சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "ரெண்டு பேரும் சமமா ஆடினா சமம்னு சொல்லிட்டுப் போறதுதான் நியாயம். ஒரு குழந்தையைப் புடிச்சு, நீதான் தோத்தன்னு சொல்ற மாதிரி எதுக்கு ஒரு விதி?"

மகள் தண்ணீர் ஊற்றினாள்.

"அவளாவது ஆடினா இல்லப்பா," என்றாள். அவ்வளவுதான். எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மிஷின் சத்தம் நின்றது எனக்குக் கேட்டது. மிஷினம்மா சண்டை போடுகிறவர் இல்லை. அந்த வீட்டில் சண்டை எதுவும் முடிந்ததும் கிடையாது. ஆரம்பிக்கும், கொஞ்ச தூரம் ஓடும், யாராவது முடி வெட்ட வந்துவிடுவார்கள், அப்படியே நிற்கும். ஆனால் அன்றைக்கு அவர் அடுப்படிக்கு வந்து அரிசிப் பானையைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். எனக்கு அப்போதே தெரியும், இது வேறு மாதிரி போகப்போகிறது என்று. தெரிந்தும் வெங்காயத்தைத் தவிர வேறு எதையும் பார்க்காத மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த நாள் மத்தியானம் சலூன்காரர் சாப்பிட உட்கார்ந்தார். ஒரு வாய் வைத்தார். கடக் என்று ஒரு சத்தம், எங்கள் படிவரை கேட்டது.

"ஏம்மா, அரிசி நட்டுக்கிட்டு நிக்குதே."

"அரிசியும் தண்ணியும் பத்து நிமிஷம் சமமா போராடிச்சுங்க," என்றார் மிஷினம்மா. குரலில் கோபமே இல்லை. "ரெண்டும் விட்டுக் குடுக்கல. நடுவுல நான் யாரு முடிவு சொல்றதுக்கு? அடுப்பை அணைச்சுட்டேன்."

சலூன்காரர் பத்தொன்பது வருடம் நடுவராக இருந்தவர். தீர்ப்பை எதிர்த்து வாய் திறக்கிறவர்களை அவருக்குப் பிடிக்காது. ஆகவே மென்றார். முழுத் தட்டையும் மென்றார். பக்கத்து வீட்டில் கல் உடைக்கிறார்களோ என்று எங்கள் வீட்டில் கேட்டார்கள்.

மூன்று மணிக்கு டீ வந்தது. ஒரு டம்ளரில் பால், இன்னொரு டம்ளரில் கறுப்பாகத் தேயிலைத் தண்ணீர். ரெண்டுமே நல்லா இருந்துச்சு, எது எதுக்குள்ள போகணும்னு எனக்குத் தெரியலங்க என்று சொல்லி வைத்துவிட்டுப் போனார். மறுநாள் சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தது, ஒரு கைக்கு மட்டும். அதற்கு மறுநாள் அவருடைய புதுக் கால்சட்டையில் ஒரு கால் குட்டையாகத் தைக்கப்பட்டிருந்தது. இரண்டையும் குறைக்கச் சொல்லி அவரே கொடுத்ததுதான். இன்னொரு கால் என்னாச்சு என்று கேட்டாராம். அதுவும் ஜெயிக்கிற நிலைமையிலதான் இருக்கு, அவசரப்படாதீங்க என்று பதில் வந்ததாம். வலதும் இடதும் ஒரு நூல் பிசகினால் தாங்காத மனிதர், அன்று முழுக்க அந்த நீளக் காலைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டே நாலு பேருக்கு முடி வெட்டினார்.

மகள் கல்லூரி கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டாள். மிஷினம்மா ரொட்டியை நனைத்துத் தின்றார். சலூன்காரர் மட்டும் இளைத்தார். ஐந்தாம் நாள் எங்கள் வீட்டுக்கு வந்து, சும்மா பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன் என்றார். இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார். நன்றாக வெந்திருக்கிறது என்று நாலு தடவை சொன்னார். வெந்த சோற்றை அப்படிப் புகழ்ந்தவரை நான் கண்டதில்லை.

நானும் சும்மா இருக்கவில்லை. ரவிக்கை அளவு கொடுக்கிற சாக்கில் மிஷினம்மாவிடம் போய், இன்னும் எத்தனை நாளைக்கு இப்படி என்று கேட்டேன். அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"அவருக்கு முப்பத்தோரு ஆட்டம்னு கணக்குதான் தெரியும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அவ சட்டையைத் துவைக்கிறவ நான். வேர்வை இருக்கும். மண்ணு இருக்காது. மண்ணு இல்லாத சட்டையைத் துவைக்கிறது எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்குத் தெரியாது."

ரவிக்கைக்கு அளவு கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். தேவையில்லாத ரவிக்கை.

இறுதி ஆட்டத்துக்கு மூன்று நாள் முன்பு கமிட்டி மறுபடி கூடியது. எனக்கும் அன்றைக்குப் பார்த்து என் பேரனுக்கு முடி வெட்ட வேண்டியிருந்தது. பெஞ்சு ஓரத்தில் இடம் கிடைத்தது. மீசை முதல்வர் முதல் நாற்காலியில் துண்டு போர்த்திக்கொண்டு சாய்ந்திருந்தார். இறுதி ஆட்டத்தில் அவர்தான் பரிசு கொடுக்கிறவர், போட்டோவுக்கு நிற்க வேண்டும், மீசையை ஒழுங்கு பண்ணிக்கொண்டே கூட்டத்தையும் நடத்திவிடலாம் என்று ஏற்பாடு. மற்ற ஐந்து பேரும் கண்ணாடியைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

முதல்வர் கண்ணை மூடிக்கொண்டு பேச ஆரம்பித்தார். சமம் என்பதே நாகரிகம் என்றார். இரண்டு பக்கமும் சமம் என்றால் இரண்டு பக்கமும் நிறைவோடு வீட்டுக்குப் போகும் என்றார். ஒருவரைத் தோற்கடித்துத்தான் ஒருவர் ஜெயிக்க வேண்டுமா என்று கேட்டு, கொஞ்சம் நிறுத்தினார். அழகாகத்தான் பேசினார். ஆனால் எங்கள் யாருக்கும் காது அங்கே இல்லை. கண்ணாடியில் நடந்துகொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஏழு நாள் வேகாத சோறு தின்ற கை. அது நடுங்கியது. இடது மீசை ஒரு நூல் அதிகமாகப் போனது. சலூன்காரர் தலையைச் சாய்த்துப் பார்த்து வலதைக் குறைத்தார். அது இன்னும் ஒரு நூல் அதிகம் போனது. மறுபடி இடது. விசில் டீச்சர் வாயைத் திறந்தார், பிறகு என்ன நினைத்தாரோ மூடிக்கொண்டார்.

"ஆக, சமமா விடறதுல யாருக்கு என்ன நஷ்டம்னு கேக்கறேன்," என்று முடித்து முதல்வர் கண்ணைத் திறந்தார்.

மூக்குக்குக் கீழே இரண்டு எறும்புகள் எதிரெதிரே நின்றுகொண்டிருந்தன.

"நிறுத்துய்யா."

"வலது இன்னும் ஒரு நூல் தூக்கலா இருக்குங்கய்யா."

"இருக்கட்டும்யா. தூக்கலாவே இருக்கட்டும். கையை எடு. ஒரு பக்கமாவது மிஞ்சட்டும்."

சலூன்காரர் கையை எடுத்தார். கத்தரிக்கோலைத் தட்டில் வைத்தார். கண்ணாடியில் முதல்வரைப் பார்க்கிறாரா, தன்னையே பார்க்கிறாரா என்று சொல்லத் தெரியவில்லை. திரைக்கு அந்தப் பக்கம் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அவர் வலது கையை மெல்லத் தலைக்கு மேலே தூக்கினார்.

"இப்ப எதுக்குய்யா கையைத் தூக்கறே?" என்றார் முதல்வர்.

"ஓட்டுங்கய்யா. டைபிரேக்கர் வேணும்னு."

மிஷின் நின்றது.

நாலுக்கு மூன்று. சலூன்காரர் அங்கேயே நோட்டை எடுத்து விதியை எழுதினார். ஆட்டம் டிராவில் முடிந்தால் இரண்டு அணிக்கும் ஐந்தைந்து வாய்ப்பு, அதிகக் கோல் போட்ட அணிக்குக் கோப்பை என்று இரண்டே வரி. வீட்டுக்குள் அரிசி களைகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்ததால் அவருக்கு அவசரம். ஏழு பேரும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். அன்று இரவுச் சோறு கூழாகக் குழைந்திருந்தது. இந்தத் தடவை தண்ணி ஜெயிச்சிருச்சுங்க என்று மிஷினம்மா சொன்னார். சலூன்காரர் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார்.

இறுதி ஆட்டத்துக்குத் தெருவில் பாதிப் பேர் போனோம். எங்கள் கல்லூரிக்கு நீலச் சட்டை, எதிர்க் கல்லூரிக்கு மஞ்சள். நானும் மிஷினம்மாவும் நீலக் கல்லூரிக்காரர்கள் நடுவே படிக்கட்டில் உட்கார்ந்தோம். சலூன்காரர் மைதான ஓரத்தில் கமிட்டி மேஜையில். மகள் ஆடுகிற அணி என்பதால் அவர் எதிலும் தலையிடுவதில்லை, நேரம் குறிக்கிறவருக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ரிசர்வு வழக்கம்போல எல்லாம் கட்டிக்கொண்டு பெஞ்சில்.

பத்தாவது நிமிடம் நீலம் ஒரு கோல் போட்டுவிட்டது. எல்லாரும் எழுந்து குதித்தோம். மிஷினம்மா மட்டும் குதிக்கவில்லை. எனக்குக் கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது. நீலம் ஜெயித்துவிட்டால் டைபிரேக்கர் ஏது? பன்னிரண்டு நாள் போராட்டம், முதல்வர் மீசை, எல்லாம் வீண்.

அதற்குப் பிறகு மிஷினம்மா கட்சி மாறினார். அந்த மஞ்சள் சட்டைப் பொண்ணு நல்லா ஓடுது, பாவம், ஒண்ணே ஒண்ணு போட்டா என்ன குறைஞ்சுடும் என்று என்னிடம் கிசுகிசுத்தார். சுவர் அன்றைக்கு என்றும் இல்லாத ஆட்டம் ஆடினாள். எட்டுப் பந்தைத் தடுத்தாள். ஒவ்வொரு தடவையும் சுற்றிலும் கைதட்டல், என் பக்கத்தில் மட்டும் சனியன், சனியன் என்று ஒரு முனகல். மேஜையில் சலூன்காரர் கடிகாரத்தைப் பார்ப்பதும் மகளைப் பார்ப்பதுமாக இருந்தார். வாழ்நாள் முழுக்க டிராவை நியாயம் என்று விரும்பிய மனிதர், அன்றைக்குத்தான் முதல்முறையாகத் தேவை என்று விரும்பினார்.

இரண்டு நிமிடம் இருக்கும்போது மஞ்சளுக்கு ஒரு பெனால்டி கார்னர் கிடைத்தது. அடித்த அடியில் பந்து சுவரின் காலுக்கும் கம்பத்துக்கும் நடுவே போய்க் கோல் பலகையில் மோதியது. மைதானத்தின் எங்கள் பக்கம் அப்படியே அடங்கிப்போனது. அந்த அமைதியில் ஒரே ஒருவர் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்.

முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்த்தார். "நீங்க எந்தக் காலேஜும்மா?"

"நான் தையக்காரி," என்றார் மிஷினம்மா. "ரெண்டு சட்டையும் நான் தைச்சதுதான்."

ஒன்றுக்கு ஒன்று. விசில் டீச்சர் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார். சுவர் வெளியே வந்தாள், வரும்போது ரிசர்வின் ஹெல்மெட்டில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு வந்தாள். முப்பத்தோரு ஆட்டம் கழித்து, முப்பத்திரண்டாவதில், சலூன்காரர் மகள் கோட்டைத் தாண்டி உள்ளே நடந்தாள். பேடு கட்டிய கால், வாத்து மாதிரிதான் நடக்க முடியும். ஆனாலும் நான் பார்த்த நடையிலேயே அதுதான் அழகு.

டைபிரேக்கர் இப்படி. ஒருத்தி தூரத்துக் கோட்டிலிருந்து பந்தோடு ஓடிவருவாள், எட்டே நொடி, எதிரில் கீப்பர் மட்டும். மஞ்சளின் முதல் பெண் ரிசர்வைத் தாண்டிக் கோல் போட்டாள். இரண்டாவது பெண்ணின் பந்தை ரிசர்வு தரையோடு தரையாகப் பாய்ந்து பிடுங்கினாள். மூன்றாவது பெண்ணை மூலைக்குத் தள்ளிக்கொண்டே போய் எட்டு நொடியைத் தின்றுவிட்டாள். நாலாவது கோல். ஐந்தாவதைக் காலால் எட்டி உதைத்தாள், பந்து எங்கள் படிக்கட்டுக்கு வந்தது. ஐந்தில் மூன்றைத் தடுத்துவிட்டாள். மிஷினம்மா என் கையைப் பிடித்திருந்த பிடியில் என் வளையல் இரண்டு உடைந்தது.

ஆனால் எங்கள் நீலப் பெண்களும் ஐந்தில் இரண்டுதான் போட்டார்கள். இரண்டுக்கு இரண்டு.

எல்லாரும் கமிட்டி மேஜையைப் பார்த்தார்கள். கமிட்டி நோட்டைப் பார்த்தது. நோட்டில் இரண்டு வரி. டைபிரேக்கரும் டிரா ஆனால் என்ன செய்வது என்று மூன்றாவது வரி கிடையாது. டிராவை உடைப்பதற்கென்றே ஏழு பேர் உட்கார்ந்து எழுதிய விதி. ஒருவருக்கும் தோன்றவில்லை.

முதல்வருக்கு எறும்பு மீசை துடித்தது. ஐந்தைந்து என்றுதான் விதி, அதற்குமேல் ஒரு பந்து ஆடினாலும் விதி மீறல், பழையபடி ஆறு மாதம் இங்கே ஆறு மாதம் அங்கே என்றார். விசில் டீச்சர் முடியாது என்றார். மூன்றுக்கு மூன்றாகப் பிரிந்தார்கள். இங்கே சுழல் நாற்காலி இல்லாததால் எழுந்து நின்று முதுகைக் காட்டிக்கொண்டார்கள். கடைசியில் எல்லாரும் சலூன்காரர் பக்கம் திரும்பினார்கள்.

அவர் எழுந்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டு கோலை நோக்கி நடந்தார். அங்கே மகள் வெளியே வராமல் கோட்டிலேயே நின்றுகொண்டிருந்தாள். அவர்கள் பேசுவது படிக்கட்டுக்குக் கேட்காது. ஆகவே நான் கோலுக்குப் பின்னால் இருந்த வேலிவரை போனேன். யாராவது ஒருத்தர் கேட்டு வைக்க வேண்டாமா?

"போதும்மா," என்றார் சலூன்காரர். "மூணு புடிச்சுட்ட. இப்ப சமம்னு முடிச்சா உன் பேருக்கு ஒரு குறையும் இல்ல. எல்லாரும் சந்தோஷமா வீட்டுக்குப் போகலாம்."

"நகருங்கப்பா. வெளிச்சம் மறைக்குது."

"விட்டுட்டேன்னு வெச்சுக்கோ?"

"விட்டா விட்டேன். நீங்க நகருங்கப்பா."

அவள் பேடில் ஒரு வார் தளர்ந்திருந்தது. குனிந்து அதை இழுத்துக் கட்டினார். பிறகு மேஜைக்குத் திரும்பி வந்தார்.

"ஆடட்டும்," என்றார். "முடியற வரைக்கும் ஆடட்டும்."

அவர் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. முதல்வர்கூட நோட்டை மூடி வைத்தார்.

எங்கள் பெண் அடித்த ஆறாவது பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அடுத்து மஞ்சளில் ஒரு நெட்டைப் பெண் வந்தாள். ரிசர்வு வெளியே பாய்ந்தாள். நெட்டை இடது தோளைச் சாய்த்தாள், ரிசர்வும் அந்தப் பக்கம் சாய்ந்தாள். பந்து மட்டும் வலது பக்கம் போனது. ஓடக்கூட இல்லை, உருண்டது. அவ்வளவு மெதுவாக உருண்டு போன பந்தை நான் பார்த்ததில்லை. ரிசர்வு கையையும் காலையும் நீட்டித் தரையில் தவழ்ந்தாள். ஒரு சாண் தூரத்தில் அது கோட்டைத் தாண்டியது.

மஞ்சள் கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்தது. அந்தக் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு ஒரு ஆள் ஓடினார். தேய்ந்த முட்டியோடு, நொண்டிக்கொண்டு, சலூன்காரர். மகள் கோல் கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து வாரை அவிழ்க்க ஆரம்பித்தார். நானும் மிஷினம்மாவும் மூச்சு வாங்க வந்து சேர்ந்தோம்.

"அப்பா, அதைப் பார்த்தீங்களா?" என்றாள் மகள்.

"பரவாயில்லம்மா."

"இடது தோளைக் காட்டினா பாருங்க, நான் அப்படியே நம்பிட்டேன். என்னா ஏமாத்து."

"பரவாயில்ல. விளையாட்டுதானே. எல்லாரும்தான் தோத்தோம்."

மகள் ஹெல்மெட்டைக் கழற்றினாள். முகம் முழுக்கப் புழுதி. அப்பாவை முறைத்தாள்.

"எல்லாரையும் எதுக்குச் சேக்கறீங்க? நான்தான் தோத்தேன். மூணு வருஷமா இவங்க ஜெயிச்சாங்க, நான் ஜெயிக்கல. இவங்க தோத்தாங்க, நான் தோக்கல. இன்னைக்கு நான் விட்டேன். அதுல பங்கு கேக்காதீங்க."

சலூன்காரர் வாரைப் பிடித்த கையோடு அப்படியே மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மிஷினம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். சிரிப்பா அழுகையா என்று எவ்வளவு கிட்டே போய்ப் பார்த்தும் எனக்குத் தெரியவில்லை.

தெருவில் ஒரு செய்தியை நான் பரப்பத் தேவையில்லாமல் போனது அது ஒன்றுதான். வீட்டுக்குத் திரும்புகிற வழியிலேயே அவளே பழக்கடைக்காரருக்குச் சொன்னாள். சலூனில் காத்திருந்த இரண்டு பேரை எழுப்பி நிற்கவைத்து, ஒருவரை நெட்டையாக ஓடிவரச் சொல்லி, தான் எப்படி ஏமாந்தாள் என்று செய்து காட்டினாள். என்னிடம் நாலு தடவை சொன்னாள். நாலாவது தடவை அந்த நெட்டை ஆறடிக்கு மேல் வளர்ந்திருந்தாள், பந்து புயலாகப் போனது.

மறுநாள் காலை பால்காரர் எங்கள் வாசலில் நின்று பால் ஊற்றிக்கொண்டே, உங்க பக்கத்துல யாரோ ஒரு பொண்ணு கடைசிப் பந்தை விட்டுக் கோப்பையே போயிடுச்சாமே என்று ஆரம்பித்தார். நான் குரலைத் தாழ்த்தி விஷயத்துக்குள் போவதற்குள் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. வாயில் பல்தேய்க்கும் பிரஷ், நுரை வழிய அவள் வெளியே ஓடிவந்தாள்.

"யாரோ இல்லண்ணே," என்றாள். "நான்தான்."